விருந்தாளிக்கு வைத்த ஜாடி

வால்யேவோ,
ஜூலை மாதம், சனிக்கிழமை காலை.

அன்பில் குறைவில்லாதவளும் வாய்ப்பேச்சில் அதைவிடக் குறைவில்லாதவளுமான லெபோசாவாவுக்கு, உன் அத்தான் விதோமிர் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். என் வலது முழங்கால் நலமில்லை, ஆனால் அதற்குத் தனிக் கடிதம்தான் போடவேண்டும். லின்ட்ஸில் நீயும் உன் வீட்டுக்காரர் க்வோஸ்டெனும் நோய் நொடி இல்லாமல் இருக்கவும், தொழிற்சாலைச் சங்கு அவரை இன்னும் பல வருடம் எழுப்பிவிடவும் வேண்டுகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சு மார்மலேட் உடையாமல் வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே முழுக்கத் தோலாக இருக்கிறதே, பழத்தை அங்கேயே யாராவது தின்றுவிட்டுத் தோலை நமக்குக் கட்டி அனுப்பிவிட்டார்களா? நம் ஊரில் மார்மலேட் என்றால் பழத்தைச் சல்லடையில் தேய்த்துக் காய்ச்சி, கடைக்காரன் கத்தியால் வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பானே, அந்தக் கட்டிதான். அதில் பழமும் தெரியாது, தோலும் தெரியாது, கடைக்காரனின் மனசாட்சியும் தெரியாது. இது கசக்கிறது. ஆனாலும் நீ அனுப்பியதாயிற்றே என்று தினமும் ஒரு தோல் சாப்பிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு முதல் வாரம் நீங்கள் இரண்டு பேரும் வந்து இரண்டு வாரம் தங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வரவேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி. கூரையில் பத்து ஓடு போய்விட்டது, மழை வந்தால் முன்னறையில் குடை பிடித்துக்கொண்டுதான் உட்காரவேண்டும். மழை வராவிட்டால் கிணற்றில் தண்ணீர் இல்லை. புகைபோக்கியில் குளவி கூடு கட்டியிருக்கிறது. க்வோஸ்டெனுக்குக் குளவி என்றால் ஆகாது என்று எனக்கு ஞாபகம். ஒருவேளை அது உன் மாமனாராக இருக்கலாம், யாராயிருந்தாலும் குளவி ஆள் பார்த்துக் கொட்டாது. போதாக்குறைக்கு எனக்கு ஒரு மாதிரி இருமல், தொற்றக்கூடியது என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் சொல்லியிருப்பார், நான் போயிருந்தால்.

இதெல்லாம் பொய் என்று நீ இந்நேரம் க்வோஸ்டெனிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். நான் ரயிலில் டிக்கெட் பார்த்தவன். பொய் சொல்கிறவன் நிறையக் காரணம் சொல்வான் என்பது எனக்குத் தெரியாதா? உண்மைக் காரணம் ஒன்றே ஒன்று. அது சமையலறை அலமாரியின் மேல் தட்டில், வெள்ளைத் துணி கட்டிய வாயோடு உட்கார்ந்திருக்கிறது. உன் அக்காள் பெர்சிதா கடைசியாக, பழம் உடையாமல் பாகில் காய்ச்சிய பிளம் ஸ்லாட்கோ. ஒரே ஒரு ஜாடி.

நவம்பரில் அவளை அடக்கம் செய்ய நீ வந்தபோது அலமாரி நிறைய இருந்தது, பார்த்திருப்பாய். துக்க வீட்டில் ஸ்லாட்கோ வைக்கும் வழக்கமில்லையாதலால் அன்று எல்லாம் தப்பியது. அதற்குப் பிறகு ஆறுதல் சொல்லும் படை வந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வந்தவருக்குத் தட்டில் ஜாடி, ஸ்பூன், தண்ணீர் வைக்காமல் இருக்க முடியுமா? நானும் வைத்தேன். ஒவ்வொருவரும் ஒரு ஸ்பூன் எடுத்து, கண்ணை மூடி, "பெர்சிதா கைமணம் இனி யாருக்கு வரும்!" என்று சொல்லி அழுதார்கள். அழுதவர்களைப் பார்த்து நானும் அழுதேன். அழுகிற அழுகையில் ஜாடிகள் காலியாவதை யார் கவனித்தது? குளிர்காலம் பாதிகூட ஆகவில்லை, அலமாரியைத் திறந்தால் ஒன்றுதான் நிற்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அன்று கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை யாரையும் தாண்டவிடவில்லை.

சாத்துவது சுலபம், லெபோசாவா, சாத்தி வைப்பதுதான் பாடு. வீட்டுக்குத் தண்ணீர் தெளித்து ஆசீர்வதிக்கப் பாதிரியார் வந்தார். முழங்கால் அளவு பனி. நான் முற்றத்திலேயே அவரை மடக்கி, உள்ளே அடுப்புப் புகைகிறது, இங்கேயே தெளித்துவிடுங்கள் என்றேன். அந்த மனிதர் தாடியில் பனி உறைய, என் விறகு அடுக்கையும் கோழிக் கூண்டையும் பிளம் மரத்தையும் ஆசீர்வதித்துவிட்டுப் போனார். (மரம் இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. கோழிகளும் ஒழுங்காக முட்டை போடுகின்றன. வீட்டுக்குள் இருக்கும் எனக்குத்தான் ஒன்றும் சரியில்லை.) மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனுக்கு நானே நாற்காலி போட்டு ஏறி, எண்களை ஜன்னல் வழியாகக் கத்திச் சொன்னேன். அடுத்த மாதம் தன்னைவிட மூத்த ஒருவரை மேலிடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், இந்த வீட்டில் ஏதோ திருட்டு இணைப்பு இருக்கிறது என்று. அவர்களுக்கும் ஜன்னல் வழியாகத்தான் பதில்.

பக்கத்து வீட்டுக் கோஸ்பாவாவை உனக்குத் தெரியும். வேலிக்கு மேல் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பேசுகிற ஜென்மம். ஒருநாள் கேட்டாள், "என்ன அண்ணே, உள்ள யாரைப் பூட்டி வச்சிருக்கீங்க? ஊரே பேசுது."

"என்ன பேசுது?"

"பொம்பளைன்னு பேசுது. உங்களைப் பாத்தா எனக்கு நம்பிக்கை வரலை, நான் இல்லைன்னுதான் சொல்லிட்டு வர்றேன்."

"உதவிக்கு நன்றி."

"ஆனா பாதிப்பேரு நம்புறாங்க அண்ணே. கடைக்காரன் வேற, முன்னைவிட சர்க்கரை அதிகமா வாங்குறாருன்னு சொல்லிட்டான்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் சர்க்கரை வாங்கியது உண்மை. கதவை என்றைக்கும் சாத்தி வைக்க முடியாது, ஆகவே நானே ஸ்லாட்கோ காய்ச்சிவிடுவது, வருகிறவர்களுக்கு அதை வைப்பது, பெர்சிதாவின் ஜாடியை அப்படியே விட்டுவிடுவது என்று ஜூன் மாதம் முடிவு செய்திருந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஸ்ட்ராபெரி. பழமும் சர்க்கரையும் சம எடை, அகலமான பாத்திரம், பெருந்தீ. இவ்வளவும் வேலிக்கு மேலிருந்து கோஸ்பாவா சொல்லிக்கொடுத்தாள். முற்றத்து அடுப்பில்தான் காய்ச்சினேன், அவளை உள்ளே விட முடியாதே. பழம் கொதிக்க ஆரம்பித்ததும் நான் பெரிய மரக்கரண்டியை எடுத்தேன். நம் ஆண்களுக்குத் தெரிந்தது பெக்மெஸ் ஒன்றுதானே. கொப்பரை நிறையப் பிளம் பழத்தைக் கொட்டி, சர்க்கரைகூடப் போடாமல், நாள் முழுக்கக் கிண்டோ கிண்டென்று கிண்டி, கருப்பாகக் கெட்டியாக்கி, நடுவில் ராக்கியா குடித்துக்கொண்டு, கடைசியில் தானே எல்லாம் செய்ததாகப் பெருமை பேசுவது. அந்தக் கைதான் இந்தக் கரண்டியைப் பிடித்தது.

"ஐயோ கிண்டாதீங்க அண்ணே!" வேலி குலுங்கியது. "ஸ்லாட்கோவில கரண்டி படக்கூடாது! ரெண்டு காதையும் பிடிச்சுப் பாத்திரத்தை ஆட்டுங்க!"

"இவ்வளவு கனத்தை எப்படிம்மா ஆட்டுறது?"

"பெர்சிதா அக்கா ஆட்டலையா? முப்பத்தெட்டு வருஷம் ஆட்டினாங்களே, நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்தேன். ஆனால் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே பழம் கொதிக்கிற வாசனை வரும். உள்ளே போனால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி, மேசை எல்லாம் குளவி, நடுவில் அவள், கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரத்தை ஆட்டிக்கொண்டிருப்பாள். நான் தொப்பியைக் கழற்றி, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பேன். அவ்வளவுதான் நான் பார்த்த லட்சணம். ஆடுகிற ரயிலில் நிற்கத் தெரிந்தவனுக்கு ஆடாத பாத்திரத்தை ஆட்டத் தெரியவில்லை. ஸ்ட்ராபெரி எல்லாம் உடைந்து கூழாகிப் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அதாவது ஜாம். நல்ல ஜாம்தான், ஆனால் ஜாம்.

இந்த வித்தியாசத்தை இப்போது நான் யாருக்கும் விளக்குவேன். ஸ்லாட்கோவில் ஒவ்வொரு பழமும் டிக்கெட் எடுத்த பயணி. அவரவர் இருக்கையில், சட்டை கசங்காமல், சுற்றிலும் பாகு. ஜாம் என்பது பண்டிகைக்கால ரயில், இடித்துக்கொண்டும் மிதித்துக்கொண்டும் இருப்பார்கள், ஆனாலும் ஆள் யார் என்று அடையாளம் தெரியும். மார்மலேட் வந்துவிட்டால் யாருடைய கால் யாருடையது என்பதே தெரியாது. பெக்மெஸ் சரக்கு வண்டி, கரி.

ஆனாலும் ஒரு நப்பாசை. என்னோடு ரயிலில் வேலை பார்த்த மிலிசாவ், எஞ்சின் ஓட்டியவன், இனிப்பென்றால் ஆராயாமல் விழுங்குகிறவன். அவனை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று உள்ளே கூப்பிட்டேன். மாதக்கணக்கில் இந்த வீட்டுக்குள் வந்த முதல் மனிதன். ஸ்ட்ராபெரியை உன் அக்காளின் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, வெள்ளித் தட்டில் ஸ்பூன், தண்ணீர், எச்சில் ஸ்பூனைப் போடக் காலி டம்ளர் எல்லாம் முறைப்படி வைத்துக் கொண்டுவந்தேன். மிலிசாவ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தான்.

"ரொட்டி எங்கப்பா?" என்றான்.

லெபோசாவா, எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஜாமுக்கு ரொட்டி வேண்டும், ஸ்லாட்கோவுக்குத் தண்ணீர் போதும். அதை நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்லும். அவன் கேலி செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவன் நிஜமாகவே ரொட்டிக்காகக் காத்திருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ஒரு ஸ்பூன் அள்ளி விழுங்கி, "அருமை, அருமை" என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவன் மனைவி வேலி மேல் ஒரு முழு ரொட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அடுத்தது புளிப்புச் செர்ரி. இந்த முறை கரண்டியைத் தொடவில்லை. ஆனால் கொட்டையை எடுக்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, கோஸ்பாவா அன்று சந்தைக்குப் போயிருந்தாள். கொதித்த பிறகு கொட்டையை எடுக்கச் சல்லடையில் தேய்த்தேன். தேய்த்தால் என்ன ஆகும்? மார்மலேட் ஆகும். மூன்றாவது ஆப்ரிகாட். பழம் உடையாமல் இருக்கத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்றாள் கோஸ்பாவா. கொட்டகையில் ஒரு வாளிச் சுண்ணாம்பு இருந்தது, அதைக் கரைத்து ஊற்றினேன். காலையில் பார்த்தால் பழம் கல்லாக இருக்கிறது, ஆனால் நிறம் ஆத்ரியாட்டிக் கடல். கோஸ்பாவா வேலியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணே, அது திராட்சைக் கொடிக்கு அடிக்கிற வாளி. மயில்துத்தம் கலந்தது. இதைத் தின்னா விருந்தாளி வீட்டுக்குப் போகமாட்டாங்க, நேரா பெர்சிதா அக்காகிட்டதான் போவாங்க." ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கோழிகளை இரண்டு நாள் அந்தப் பக்கம் விடவில்லை.

ஆக, என்னிடம் இருப்பது ஜாம், மார்மலேட், அப்புறம் நீ அனுப்பிய தோல். இவற்றை லின்ட்ஸிலிருந்து வருகிற உனக்குத் தட்டில் வைத்து நீட்ட முடியுமா? நீ வந்தால் பெர்சிதாவின் ஜாடியைத் திறந்தாகவேண்டும். திறந்தால் உன்னைப் பார்க்கத் தெருவே வரும், தட்டு சுற்றும், ஆளுக்கு ஒரு ஸ்பூன், மூன்றாம் நாள் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். அதற்குப் பிறகு அவள் கையால் செய்தது என்று இந்த வீட்டில் ஒன்றுமே இருக்காது. ஸ்வெட்டர் இருக்கிறது, ஆனால் அது கடையில் வாங்கியது. இதைத்தான் சொல்ல முடியாமல் குளவி, கூரை என்று எழுதினேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. அந்த ஸ்லாட்கோ எப்படி ருசிக்கும் என்று எனக்கே மறந்துவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும், நீதான் அன்று கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாலில்லாக் குரங்கு. உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தேன். இரவல் கோட்டு, இறுக்கமான காலணி. உன் அக்காள் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் ஒரு ஸ்பூன் எடுத்தேன். தோலுரித்த பிளம், கொட்டை இருந்த இடத்தில் பாதி அக்ரூட் பருப்பு. வாயில் போட்டதும் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன், பார்த்தவன் பார்த்தபடியே எச்சில் ஸ்பூனைக் காலி டம்ளரில் போடாமல் ஜாடிக்குள்ளேயே போட்டுவிட்டேன். முழு ஜாடி! உன் அப்பா இருமினார். உன் அம்மா ஜன்னலைப் பார்த்தார். நீ கதவுக்குப் பின்னால் கெக்கெக்கே என்று சிரித்தாய். நான் எழுந்து ஓடிவிடலாமா என்று யோசித்தபோது, பெர்சிதா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள், "அம்மா, இந்த ஜாடி இனிமே விருந்தாளிக்கு ஆகாது. பேசாம இவரை வீட்டு ஆளா எடுத்துக்கவேண்டியதுதான்."

எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டு ஆளான பிறகு எனக்கு ஸ்லாட்கோ கிடையாது. விருந்தாளிக்கு வைத்ததை வீட்டு மனிதர் தொடலாமா? காய்ச்சும்போது மேலே எடுக்கும் நுரையை ரொட்டியில் தடவித் தருவாள், அதுதான் என் பங்கு. முப்பத்தெட்டு வருடம் நுரை தின்றவன் நான். "எனக்கும் ஒரு ஸ்பூன் கொடேன்" என்று கேட்டால், "நீங்க என்ன விருந்தாளியா?" என்பாள். அந்தப் பேச்சுக்காகவே வருடம் தவறாமல் கேட்பேன்.

ஆகவே லெபோசாவா, இந்த வருடம் வேண்டாம். அடுத்த வருடம், நான் பாத்திரத்தை ஆட்டப் பழகிய பிறகு, சகல மரியாதையோடு அழைக்கிறேன். க்வோஸ்டெனுக்கு என் அன்பு. உங்கள் அடுப்பு அணையாமலும், வாசல் வெறிச்சோடாமலும், உங்கள் தட்டிலிருந்து எந்த விருந்தாளியும் ரொட்டி கேட்காமலும் இருக்க ஆண்டவன் அருளட்டும்.

உன் அன்புள்ள அத்தான்,
விதோமிர்.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். இவ்வளவு பொய் உள்ள கடிதத்தைப் பதிவுத் தபாலில்தான் அனுப்பவேண்டும் என்று தோன்றியதால் கோட்டும் டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு தபாலாபீஸ் போனேன். சனிக்கிழமை, மத்தியானமே மூடிவிட்டார்கள். திரும்பி வந்து என் வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது வேலியில் கோஸ்பாவா. "என்ன அண்ணே, உங்க வீட்டுக்கே விருந்தாளி மாதிரி வர்றீங்க?" என்றாள். அந்த 'விருந்தாளி' என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளித் தட்டை எடுத்தேன், ஜாடியை இறக்கித் துணியை அவிழ்த்தேன், ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு காலி டம்ளர், எல்லாம் முன்னறை மேசையில் வைத்தேன். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தித் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நானே திறந்துகொண்டேன். கால் மிதியில் காலணியைத் துடைத்து, தொப்பியைக் கழற்றி, இத்தனை வருடமாக நான் உட்காராத விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டேன். அதே பிளம், அதே அக்ரூட். நான் அழுதேன், லெபோசாவா, ஆறுதல் சொல்ல வந்தவர்களைவிட நன்றாக அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் காலி டம்ளர் காலியாகவே இருக்கிறது. ஸ்பூன் ஜாடிக்குள் நிற்கிறது.

இந்த ஜாடி இனிமேல் விருந்தாளிக்கு ஆகாது. அதனால் உன்னை விருந்தாளியாக வைத்துக்கொள்ள எனக்கு வழியில்லை. வீட்டு ஆளாக வந்து சேர். ஆகஸ்டு முதல் வாரமே வா. தெருவுக்கு ஜாமும் ரொட்டியும் வைப்போம். நாம் மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து ஜாடியிலிருந்தே சாப்பிடுவோம். பிளம் பழுக்கும்வரை இரு, ஒருத்தர் ஒரு காது, இன்னொருத்தர் இன்னொரு காது பிடித்துப் பாத்திரத்தை ஆட்டலாம். க்வோஸ்டெனிடம் கரண்டியை மட்டும் கொடுக்காதே.